கேட்டுவிட்டுத்தான் தொட்டார்கள்: பாலியல் வன்முறை சிகிச்சை மையம் ஒன்றில் திருநம்பித் தம்பிக்குத் துணையாகப் போன அனுபவம்

மையத்தின் பெயரை இங்கே போடப்போவதில்லை. போட்டால் என் தம்பி யாரென்று நாலு பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். தம்பி என்றால் கூடப்பிறந்தவன் இல்லை, அவன் ஒரு திருநம்பி, அதாவது பிறந்தபோது பெண் என்று சொல்லப்பட்டு ஆணாக வாழ்கிறவன், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன். இதை எழுதலாமா என்று கேட்டேன், எழுதுங்கக்கா என்றான். எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு இடத்தை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன். அவனுக்கு என்ன நடந்தது என்பது இதில் ஒரு வரிகூட இருக்காது. நடந்த பிறகு நாங்கள் போன இடத்தைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன்.

ஒரு பெரிய மருத்துவமனைக்குள், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்றே இரவு பகலாக நடக்கிற தனிப் பிரிவு அது. ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த அந்த ஒன்றுக்கான காரணத்தையும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு அதுதான் அதிகம் பயன்படும்.

நான் எதை வைத்து இந்த மதிப்பெண்ணைப் போடுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு திருநங்கை, பதினோரு வருடத்துக்கு முன்னால் நானே இப்படி ஒரு இடத்துக்குப் போக வேண்டி வந்தது. அது வேறு மருத்துவமனை. பதிவு செய்கிற இடத்தில் ஆணா பெண்ணா என்று மூன்று தடவை சத்தமாகக் கேட்டார்கள், வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே போனதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே ஆபரேஷன் ஆகிவிட்டதா என்பதுதான். எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. அப்புறம் கதவைத் திறந்து இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, வந்து பாருங்கள் என்றார். நான் துணியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை கிடைக்கவில்லை, அப்படி ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

இது எனக்கு மட்டும் நடந்த கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2015-ல் திருநங்கைகள், திருநம்பிகள் உட்பட ஏறக்குறைய 28,000 திருநர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், வாழ்நாளில் ஒரு தடவையாவது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 47 சதவீதம். அதே கணக்கெடுப்பில், டாக்டரிடம் போக வேண்டியிருந்தும் மோசமாக நடத்துவார்களோ என்ற பயத்தில் போகாமல் இருந்துவிட்டோம் என்று 23 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் அதற்கு முந்தைய ஒரே வருடத்தில். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. நடப்பது இவ்வளவு பேருக்கு, நடந்தபின் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே பயப்படுகிறவர்களும் இவ்வளவு பேர். தம்பியும் முதலில் வரமாட்டேன் என்றுதான் சொன்னான். என்னிடம் சொல்லவே அவனுக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முப்பது மணி நேரம் கடந்திருந்தது.

முப்பது மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கக் காரணம் உண்டு. பெப் என்று சொல்கிற எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடைக்கு ஐந்து நாள் வரை நேரம் இருக்கிறது, அதிலும் தாமதம் ஆக ஆக மாத்திரையின் பலன் குறையும். தடயம் எடுப்பதற்கும் கெடு உண்டு, அது இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். குளித்துவிட்டேனே, இனிமேல் போய் என்ன பிரயோஜனம் என்று தம்பி கேட்டான். குளித்திருந்தாலும் போகலாம், எடுக்க முடிந்ததை எடுப்பார்கள், தடயமே வேண்டாம் என்றாலும் மருந்துக்காகவாவது போக வேண்டும். இதை அவனிடம் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் பெரிய எழுத்தில் மகளிர் நலப் பிரிவு என்று பலகை. அதைப் பார்த்ததும் தம்பி நின்றுவிட்டான். தாடி வைத்த ஒருவன் அந்தப் பலகைக்குக் கீழே உள்ளே போவது எப்படி இருக்கும் என்று அந்தப் பலகையை மாட்டியவர்களுக்குத் தோன்றியிருக்காது. காவலாளியும், சார் இது லேடீஸ் வார்டு, நீங்கள் வெளியில் இருங்கள், அந்த அம்மா மட்டும் உள்ளே போகட்டும் என்றார். பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது, சிகிச்சைக்கு வந்தது நான் என்று நினைத்துவிட்டார். ஆனால் அந்த இடத்தில் தம்பி தன் வாயால், இல்லை எனக்குத்தான் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவரிடம், நடைபாதையில் நின்றுகொண்டு. இதற்கே அரை மதிப்பெண் போச்சு.

உள்ளே போனதும் நிலைமை மாறிவிட்டது. இரவுப் பணியில் இருந்த நர்ஸ் எங்களை உடனே ஒரு தனி அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். உங்களை எப்படிக் கூப்பிடட்டும் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. தம்பி தன் பெயரைச் சொன்னான். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்தால் பரவாயில்லை, அதைப் பதிவுக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறேன், இங்கே யாரும் அந்தப் பெயரைச் சொல்லமாட்டோம் என்றார். தமிழில் அவர் என்ற சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தெரியாத ஒருவரை வாங்க, உட்காருங்க, அவர் வந்திருக்கிறார் என்று பேசினாலே போதும், யாரும் யாரையும் புண்படுத்த வேண்டியதில்லை. அந்த நர்ஸ் இரவு முழுவதும் அப்படித்தான் பேசினார். எனக்கு அவன் தம்பி என்பதால் அவன் இவன் என்கிறேன், அது வேறு.

அடுத்து அவர் கேட்டதை நான் எந்த ஆஸ்பத்திரியிலும் கேட்டதில்லை. பரிசோதனை செய்யும்போது உடம்பின் சில இடங்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும், நீங்கள் என்ன வார்த்தை சொல்வீர்களோ அதையே நானும் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்காத வார்த்தை ஏதாவது இருக்கிறதா என்றார். தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், மார்பகம் என்று சொல்லாதீங்க, நெஞ்சு என்று சொல்லுங்க, கீழே இருப்பதை முன்பக்கம் என்று சொல்லுங்க என்றான். அவ்வளவுதான். நர்ஸ் அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார். டாக்டர் வந்தபோது அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார் என்பது அவர் பேசிய விதத்திலேயே தெரிந்தது. தம்பி இன்னொரு தடவை சொல்ல வேண்டி வரவில்லை.

காயங்களைக் குறிக்க உடம்புப் படம் போட்ட தாள் ஒன்று வைத்திருப்பார்கள். பெரும்பாலும் ஒரு தாளில் ஆண் உருவமும் இன்னொன்றில் பெண் உருவமும் இருக்கும், வந்தவரை ஏதாவது ஒன்றில் அடைத்தாக வேண்டும். இங்கே வெறும் வெளிக்கோடு மட்டும் உள்ள ஒரு படத்தை எடுத்தார்கள். சின்ன விஷயம்தான், நகல் எடுக்கிற செலவோடு முடிகிற விஷயம்.

பைண்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தெரியாதவர்களுக்காக: நெஞ்சைத் தட்டையாகக் காட்டத் திருநம்பிகள் பலர் சட்டைக்குள் போடுகிற இறுக்கமான உள்ளாடை அது. நடந்த அன்று போட்டிருந்த துணிகளைத் தடயமாக எடுத்துக்கொள்வார்கள், அதனால் தம்பி அவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தான். நர்ஸ் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தனித்தனிக் காகிதப் பைகளில் போட்டார். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும், அடுத்த தடவை யாராவது கேட்டால் காகிதப் பை என்று சொல்லுங்கள் என்று என்னிடம் சொன்னார். பைண்டர் கையில் வந்தபோது நிறுத்திவிட்டார். இதுவும் போகும், திரும்பக் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம், உங்களிடம் வேறு இருக்கிறதா என்று கேட்டார். தம்பி வேறு இல்லை என்றான். அவனிடம் இருந்தது அது ஒன்றுதான், அன்றைக்குச் சட்டைக்கு மேல் என் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தான், நான் அதைக் குளிர் என்று நினைத்திருந்தேன். நர்ஸ் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பெரிய சைஸ் முழுக்கைச் சட்டை கொண்டுவந்தார், கெட்டித் துணி, முன்பக்கம் இரண்டு பை வைத்தது. இது போட்டால் வெளியே போக உங்களுக்குச் சரியாக இருக்குமா என்று கேட்டார். அதுவரை அழாமல் இருந்த தம்பி அப்போதுதான் அழுதான்.

இந்த மாதிரி மையங்கள் நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாற்று உடை எல்லோரும் வைத்திருக்கிறீர்கள், பெரும்பாலும் பெண்கள் உடைதான். இரண்டு மூன்று அளவில் பைண்டர், பெரிய சட்டை, திருநங்கைகளுக்காக ஒரு சால்வை, முகம் மழிக்க ஒரு ரேசர், இவ்வளவும் ஒரு சின்னப் பெட்டியில் அடங்கிவிடும். ஒரு திருநங்கையின் விக்கைத் தடயம் என்று வாங்கி வைத்துக்கொண்டு மொட்டைத் தலையோடு தெருவில் அனுப்பினால் அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் அடுத்த வன்முறை நடந்துவிடும்.

பரிசோதனைக்கு வருகிறேன். டாக்டர் செய்தது எல்லாமே ஒரே முறைதான்: என்ன செய்யப்போகிறேன், எதற்காகச் செய்கிறேன் என்று சொல்வார், செய்யலாமா என்று கேட்பார், பதில் வந்த பிறகுதான் கை வைப்பார். வேண்டாம் என்றால் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார். தம்பி இரண்டு இடத்தில் வேண்டாம் என்றான். ஒரு தடவைகூட அவர் முகம் சுளிக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் ஊசி போடுகிறவர்களுக்கு முன்பக்கத்தின் உள் தோல் மெலிந்து வறண்டு போயிருக்கும், சாதாரணப் பரிசோதனையே வலிக்கும், சீக்கிரம் கிழியும், அதனால் சின்ன அளவு கருவிதான் பயன்படுத்துவேன், நீங்கள் நிறுத்துங்கள் என்றால் நிறுத்திவிடுவேன் என்று முன்கூட்டியே சொன்னார். பஞ்சுக்குச்சியால் சாம்பிள் எடுக்கிற சில இடத்தில் நீங்களே எடுத்துத் தரலாம், நான் திரும்பி நின்றுகொள்கிறேன் என்றார். காயம் எதுவும் தெரியவில்லை என்பதால் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை, அறிக்கையிலும் அப்படித்தான் எழுதுவேன் என்று அவராகவே சொன்னார். இந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்குக் கோயில் கட்டலாம்.

தேவையில்லாத கேள்வி ஒன்றுகூட வரவில்லை. ஆபரேஷன் பற்றி ஒரே ஒரு கேள்வி, அதையும், எங்கே சாம்பிள் எடுப்பது, கர்ப்பத்துக்கு வாய்ப்பு உண்டா என்று முடிவு செய்யத்தான் கேட்கிறேன் என்று காரணம் சொல்லிவிட்டுத்தான் கேட்டார். திருநங்கையாக எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. ஆபரேஷன் ஆன திருநங்கைக்குக் கருப்பை வாய் கிடையாது, உள்ளே ஆழமும் தோலின் தன்மையும் வேறு, ஆனால் அங்கேயும் காயம் ஆகும், அங்கேயும் தடயம் இருக்கும், தொற்றும் வரும். அங்கே ஒன்றும் இருக்காது என்று சாம்பிள் எடுக்காமலே அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. ஆபரேஷன் ஆகாதவர்களுக்கு ஆசனவாயிலும் தொண்டையிலும் எடுக்க வேண்டும் என்பதையும் பல பேர் மறந்துவிடுகிறார்கள். என்ன நடந்தது என்று கேட்டு, அதை வைத்து எங்கே எடுப்பது என்று முடிவு செய்தால் போதும்.

கருத்தடை விஷயத்தில் எனக்கே தெரியாத ஒன்றைக் கற்றுக்கொண்டேன். தம்பிக்கு மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. அதனால் கர்ப்பம் ஆகாது என்று அவனும் நினைத்திருந்தான், நானும் நினைத்திருந்தேன். அது தப்பு. டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து ஆகாது, மாதவிடாய் நின்றிருந்தாலும் கருமுட்டை வெளிவரலாம், கருப்பையும் சினைப்பையும் இருக்கிற வரை வாய்ப்பு உண்டு. அவசரக் கருத்தடை மாத்திரை போட்டால் ஊசியின் பலன் கெட்டுவிடுமா என்று தம்பி பயந்தான், கெடாது என்று டாக்டர் விளக்கினார். திருநம்பிகளுக்காகவே இதை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்கவே நம் தம்பிகள் கூச்சப்படுவார்கள். கேட்காமல் விட்டால் பின்னால் வருகிற கஷ்டம் பெரிது.

பெப் மாத்திரை 28 நாள். கையோடு 28 நாளுக்கும் கொடுத்துவிட்டார்கள், நடுவில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. இது மிக நல்ல ஏற்பாடு, ஒரு வார மாத்திரை மட்டும் கொடுத்துத் திரும்பி வரச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஹார்மோனை நிறுத்த வேண்டுமா என்று கேட்டோம். கொடுக்கிற மருந்தின் பெயரைப் பார்த்து, இதற்காக நிறுத்தத் தேவையில்லை என்றார். பெப் மாத்திரையில் டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து இருப்பதால், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரையோ வயிற்றுப் புண்ணுக்கான ஆன்டாசிடோ போட்டால் மட்டும் இடைவெளி விட வேண்டும், அதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ ஆறு மணி நேரம் பின்னாலோ இதைப் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் முதல் ஊசியும் அன்றைக்கே போட்டார்கள். ஹார்மோனா தடுப்பு மருந்தா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைத்தால் பல பேர் ஹார்மோனைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், அதனால் இந்தக் கேள்விக்கு டாக்டர் தெளிவாகப் பதில் சொல்வது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

போலீஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சட்டம் இடத்துக்கு இடம் மாறும். எதை நாங்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், எது உங்கள் விருப்பம் என்று பரிசோதனைக்கு முன்னாலேயே பிரித்துச் சொல்லிவிட்டார்கள். புகார் கொடுத்தால்தான் மருந்து என்ற பேச்சே வரவில்லை.

சரி, இனி குறைகள்.

ரத்தம் எடுக்க லேபுக்கு அனுப்பினார்கள். அது வேறு மாடி. அங்கே டியூபில் ஒட்டுகிற ஸ்டிக்கர் கம்ப்யூட்டரிலிருந்து தானாக வருகிறது, அதில் அட்டையிலுள்ள பழைய பெயர்தான் அச்சாகும். லேப் ஊழியர் அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டார். இரவு நேரம், அப்போதும் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி எழுந்திருக்கவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டார், எழுந்திருக்கவில்லை. மூன்றாவது தடவை நான் எழுந்து போய், டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றேன். நான் போனதால் ரத்தம் எடுக்க என் கையை நீட்டச் சொன்னார். ஒரு பிரிவில் நாலு பேருக்கு நன்றாகப் பயிற்சி கொடுத்துவிட்டு, நோயாளி கடந்துபோகிற மற்ற எல்லா இடத்தையும் அப்படியே விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். காவலாளி, பதிவு, லேப், மருந்து கொடுக்கிற ஜன்னல், வண்டி தள்ளுகிறவர் எல்லோரும் அந்த இரவின் பகுதிதான். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் எண் சொல்லிக் கூப்பிட ஒரு பைசா செலவு கிடையாது.

கவுன்சலிங்குக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது, இது ரொம்ப அதிகம். முதலில் வந்த கவுன்சலர் நல்ல மனசுக்காரர்தான், ஆனால் இரண்டாவது சந்திப்பில், சின்ன வயதில் ஏதாவது நடந்து அதனால்தான் ஆணாக இருக்க விரும்புகிறீர்களா என்று கேட்டுவிட்டார். தம்பி அதோடு போவதை நிறுத்திவிட்டான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2022-ல் நடைமுறைக்கு வந்துவிட்டது, அதில் திருநராக இருப்பது மனநோய்ப் பிரிவிலேயே கிடையாது. வன்முறையின் அதிர்ச்சியோடு வருகிறவனிடம் போய் அவன் பாலினத்துக்கு விளக்கம் கேட்பது என்ன நியாயம்? நாங்கள் புகார் சொன்னோம். ஆளை மாற்றிக் கொடுத்தார்கள், புதியவரிடம் இப்போதும் போகிறான், தூக்கம் கொஞ்சம் வந்திருக்கிறது. புகாரைக் கேட்டுச் சரிசெய்தார்கள் என்பதால் இதற்குப் பெரிதாகக் குறைக்கவில்லை.

உதவித் தொலைபேசிதான் என்னை ரொம்பக் கோபப்படுத்தியது. பணியில் இருந்தவர்கள் கொடுத்த எண்ணுக்கு, எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று தம்பி கூப்பிடுவதற்கு முன்னால் நானே கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும், சார் இது பெண்களுக்கான லைன் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கூப்பிட்டிருந்தால்? குரலை வைத்து ஆளை முடிவு செய்கிற லைனில் திருநங்கையும் பேச முடியாது, திருநம்பியும் பேச முடியாது. தங்கும் விடுதிக்கும் இதே கதை: பெண்கள் விடுதியில் தம்பியைச் சேர்க்கமாட்டார்கள், ஆண்கள் விடுதியில் அவனுக்குப் பாதுகாப்பு இல்லை. எங்களுக்கு என் வீடு இருந்தது. இல்லாதவர்கள் எங்கே போவார்கள் என்று பொறுப்பாளரிடம் கேட்டேன், தனி அறை உள்ள இரண்டு இடங்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார். பேசி முடியுங்கள் அம்மா, சீக்கிரம்.

இன்னொன்றும் அவரிடம் சொன்னேன். இரவில் வருகிற திருநரோடு உட்கார ஒரு திருநரைச் சம்பளத்துக்கு வையுங்கள். இப்போது கூப்பிட்டால் வருகிற தன்னார்வலர் ஒருவர் இருக்கிறார், அன்றைக்கு அவரால் வர முடியவில்லை. எல்லோருக்கும் கூட ஒரு அக்கா வரமாட்டாள்.

போகிறவர்களுக்கு: 72 மணி நேரம் கடந்துவிட்டாலும் போங்கள், பெப் தொடங்க முடியாது, ஆனால் கெடு தாண்டாத மற்றதெல்லாம் உண்டு. அன்றைய துணிகளைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துப் போங்கள், மாற்றுத் துணியும் முடிந்தால் இன்னொரு பைண்டரும் கொண்டு போங்கள், போடுகிற ஹார்மோன் மருந்தின் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனையில் எந்த இடத்திலும் நிறுத்துங்கள் என்று சொல்லலாம். துணைக்கு ஒருவரை உள்ளே வைத்துக்கொள்ளக் கேளுங்கள், எங்களை ஒரு நிமிடம்கூடப் பிரிக்கவில்லை.

மூன்றாவது மாதப் பரிசோதனைக்குப் போன வாரம் போயிருந்தோம். எச்.ஐ.வி. இல்லை என்று முடிவு வந்துவிட்டது. வாசலில் பலகை அப்படியே இருக்கிறது. லேபில் ஸ்டிக்கரிலும் பழைய பெயர்தான் அச்சாகி வருகிறது, ஆனால் அன்றைக்கு அந்த ஊழியர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல், டோக்கன் பதினேழு என்று கூப்பிட்டார். தம்பி எழுந்து போனான்.